குறித்து வை – 9: லாக் போட்ட நூறு கட்டம்

போன வாரம் நோட்டு வாங்கியாயிற்று. கோடு போட்டதா, போடாததா என்ற பஞ்சாயத்தும் ஒருவழியாகத் தீர்ந்தது. அதற்கு முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும்; திரும்பச் சொல்ல இங்கே இடம் இல்லை. இந்த வாரம் ராமானுஜனின் நோட்டுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஜான் லாக் வந்து மறித்துக்கொண்டார்.

லாக் என்றதும் அரசியல் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஆளப்படுகிறவர்களின் சம்மதம், சொத்துரிமை என்று ஏதேதோ ஞாபகம் வரும். நமக்கு வேண்டியவர் 1686-ஆம் ஆண்டின் லாக். இங்கிலாந்தில் இருந்தால் ஆபத்து என்று ஹாலந்துக்குப் போய்த் தங்கியிருந்த 53 வயது பிரம்மச்சாரி. அவரைப் பெரிய ஆளாக்கிய புத்தகங்களில் ஒன்றுகூட அப்போது வெளிவரவில்லை. அந்த ஆண்டு ழான் லெ கிளெர்க் நடத்திய பிரெஞ்சுப் பத்திரிகையில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. அரசனைப் பற்றியா, ஆண்டவனைப் பற்றியா? நோட்டுப் புத்தகத்துக்கு எப்படி அட்டவணை போடுவது என்பதைப் பற்றி! இருபது வருஷத்துக்கு மேல் தானே கையாண்டு பார்த்த முறை என்பதால் கொஞ்சமும் தயக்கம் இல்லாமல், சமையல் குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் படிக்கிற பையன் ஒவ்வொருவனும் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். படித்ததில் நல்ல வரி, கேட்டதில் நல்ல கதை, எல்லாம் அதில் ஏற வேண்டும். 1512-ல் வந்த தன் புத்தகத்தில் எராஸ்மஸ் என்ற அறிஞர் சொன்ன யோசனை, தலைப்புகளை முதலிலேயே எழுதி வைத்துவிடு என்பது. பக்தி, நன்றி, வீரம் என்று வரிசையாகத் தலைப்பு. அதன் கீழே படிக்கப் படிக்க நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். கேட்க நன்றாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் கஷ்டம். வீரத்துக்கு இருபது பக்கம் ஒதுக்கியிருப்போம், இரண்டோடு நின்றுவிடும். கஞ்சத்தனத்துக்கு நாலு பக்கம் விட்டிருப்போம், அது பொங்கி வழிந்து பக்தியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நோட்டு பாதி காலி, பாதி நெரிசல்.

லாக் தலைப்புகளுக்கு முன்கூட்டி இடமே ஒதுக்கவில்லை. நோட்டின் ஆரம்பத்தில் இரண்டே பக்கத்தில் கட்டம் போட்டார். இலத்தீன் எழுத்துகள் இருபது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து உயிரெழுத்து. ஆக மொத்தம் நூறு கட்டம். கடிதங்களைப் பற்றி ஏதோ படித்தார் என்று வையுங்கள். இலத்தீனில் அது ‘எபிஸ்டோலா’. முதல் எழுத்து எ. அதை அடுத்து வரும் முதல் உயிர் இ. எ வரிசையில் இ கட்டத்தைப் பார்ப்பார். அங்கே பக்க எண் எதுவும் இல்லை என்றால், நோட்டில் அடுத்துக் காலியாக இருக்கும் இரட்டைப் பக்கத்துக்குப் போய் விஷயத்தை எழுதுவார். மார்ஜினில் தலைப்பு. திரும்பி வந்து கட்டத்தில் அந்தப் பக்க எண்ணைப் போட்டுவிடுவார். அடுத்த முறை எ-இ என்று தொடங்குகிற எது வந்தாலும் அதே பக்கத்தில் குடியேறும். பக்கம் நிறைந்ததும் வேறொரு காலிப் பக்கம், கட்டத்தில் இன்னொரு எண். அவ்வளவுதான் வித்தை. ஒரு பக்கம்கூட வீணாகாது, எழுதிய எதுவும் தொலையாது.

கே, ஒய், டபிள்யூ மூன்றையும் தூக்கிவிட்டார். சி, ஐ, யூ அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார். க்யூவுக்குத் தனி வரிசை கொடுக்க மனம் வரவில்லை. இசட் வரிசையின் ஐந்தாவது கட்டத்தில் அதைக் குடிவைத்துவிட்டார். ஹாலந்து வீட்டு அறை ஒன்றில் உட்கார்ந்து, க்யூவுக்கு எங்கே இடம் கொடுப்பது என்று இந்த மனிதர் கவலைப்பட்டிருப்பதை நினைத்தால் எனக்கு அவர்மேல் பிரியமே வந்துவிடுகிறது.

இங்கேதான் என் வாரம் பறிபோயிற்று. முதல் எழுத்து, அதோடு ஓர் உயிர் என்று லாக் இரண்டு படியில் கண்டுபிடிக்கிறார். நமக்கு இரண்டும் ஒரே எழுத்தில் இருக்கிறது. ‘குடை’ என்றால் கு. க வரிசை, உ பத்தி. ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கிய உயிர்மெய் அட்டவணைதான் லாக்கின் கட்டம்! ஆனால் அதில் உயிர்மெய் மட்டுமே 216. நோட்டின் முதல் பக்கத்தில் அடங்காது. எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராதே, எவையெவை வரும் என்று பார்க்க நன்னூலை எடுத்தேன். எண்ணிப் பாருங்கள்: உயிர் 12. க, ச, த, ந, ப, ம ஆறும் பன்னிரண்டு உயிரோடும் வரும், 72. வகரம் எட்டு, யகரம் ஆறு, ஞகரம் நாலு, ஙகரம் ஒன்று. கூட்டினால் 103. தொல்காப்பியர் இன்னும் கறார். ச-வுக்கு ஒன்பதுதான், ய-வுக்கு ‘யா’ ஒன்றுதான், ங-வுக்கு ஒன்றும் இல்லை. குற்றியலுகரத்தை விட்டுவிட்டால் 93. நடுவில் லாக்கின் 100. இதில் தத்துவம் எதுவும் இல்லை, வெறும் தற்செயல். ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு இந்தக் கணக்கு கூடி வந்தபோது யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ரயிலையும் லாரியையும் எங்கே வைப்பது? நம் இலக்கண ஆசிரியர்கள் வழி வைத்திருக்கிறார்கள். இரயில், இலாரி, இரண்டும் இ கட்டம். டீ வேண்டுமானால் தேநீர் ஆகி, தே-யில் போகட்டும். லாக் கே-யை சி-யில் தள்ளியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் ஒழுங்குப் பைத்தியம், இதில் கற்பனைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் நோட்டில் கு பக்கத்தைக் காட்டுகிறேன். மேலே ‘குறட்டை’: இரவு ரயிலில் மேல் பெர்த்காரரின் குறட்டை, வண்டி நின்றால் நின்றது, கிளம்பினால் கிளம்பியது. அதற்குக் கீழே ‘குடை’: ரிப்பேருக்கு வந்த குடையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மழையில் அந்தக் குடைக்காரருடைய செருப்பையே தைத்துக்கொண்டிருந்தவர். அடுத்து ‘குழாயடி’: சண்டைக்கு நடுவில் ஒரு அம்மாள் எதிராளியின் குடத்தை நிறைந்துவிடாமல் நகர்த்தி வைத்தது. விஷயம் பார்த்துத் தலைப்பு பிரித்திருந்தால் இந்த மூன்றும் ஜென்மத்துக்கும் சந்தித்திருக்காது. எழுத்து பார்த்துப் பிரித்ததால் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைத் தேடிப் போனால் மற்ற இரண்டும் கண்ணில் படும். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சேர்த்து வைப்பது பெரிய காரியமே இல்லை, எல்லோரும் சேர்க்கிறோம். திரும்ப எடுக்க வழி இல்லாத நோட்டை ஆறு மாதத்தில் எடைக்குப் போடலாம்.

லாக் முறையில் கட்டம் அச்சடித்த வெற்று நோட்டுகளே பின்னால் லண்டனில் விற்பனைக்கு வந்தன. எராஸ்மஸ் டார்வின் என்ற மருத்துவர் அப்படி ஒரு நோட்டில்தான் 1776-ல் தன் குறிப்பேட்டைத் தொடங்கினார். அவருடைய பேரன் சார்லஸுக்கும் அந்தப் புத்தி இருந்தது. வாங்கிய புத்தகங்களின் கடைசியில் தனக்கு வேண்டிய விஷயங்களுக்கு ஓர் அட்டவணை எழுதிவிடுவார். முப்பது நாற்பது பெரிய கோப்புகள், பெயர் ஒட்டிய அலமாரித் தட்டுகள். 1837-ல் உயிரினங்களின் கிளை விரிவை முதன்முதலில் மரமாகக் கிறுக்கிப் பார்த்த சின்ன நோட்டும் அவருடையதே.

அந்த நோட்டுக்கு வந்த கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2000-ல் படம் எடுப்பதற்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் வெளியே எடுத்தார்கள். 2001-ல் பார்த்தால் அதுவும் இன்னொரு நோட்டும் இடத்தில் இல்லை. இடம் மாறி வைத்திருப்பார்கள் என்றே வருஷக்கணக்கில் தேடினார்கள். 2020-ல்தான் திருட்டாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். 2022 மார்ச்சில், நூலகர் அறைக்கு வெளியே, கேமரா இல்லாத இடத்தில், ஒரு இளஞ்சிவப்புப் பரிசுப் பை. உள்ளே இரண்டு நோட்டும் பத்திரமாக. கூடவே நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து. யார் கொண்டுவந்து வைத்தது என்று சொல்லவில்லை.

பக்கம் முடிகிறது என்று உதவி ஆசிரியர் இரண்டாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டார். “சார், ராமானுஜன்?” என்கிறார். அடுத்த வாரம் தம்பி, கட்டாயம். 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்களிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் வாசகர்கள் நோட்டின் முதல் இரண்டு பக்கத்தில் கட்டம் போட்டு வைக்கவும். அங்கே ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள் கடைசி இரண்டு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.