பால் கிடைக்காத ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை!

பெர்லினுக்குப் படிக்க வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காபி கிடைக்கவில்லை. முந்தைய இரவே பால் தீர்ந்துவிட்டது. 'காலையில வாங்கிக்கலாம்' என்று படுத்துவிட்டேன். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால், ஒரு சூப்பர் மார்க்கெட்கூடத் திறந்திருக்கவில்லை. ஏதோ பந்த் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்!

ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு நாள். அரசியல் சட்டத்திலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு. 1919-ல் எழுதிய வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த பிரிவை, 1949-ல் வந்த சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. பேக்கரி, ஓட்டல், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் என்று சில மட்டும் திறந்திருக்கும். சத்தமும் ஆகாது. சுவரில் டிரில் போடக் கூடாது. காலி கண்ணாடி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடுவதைக்கூடத் தவிர்ப்பார்கள். இது தெரியாமல் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு மிக்ஸியில் சட்னி அரைத்தேன். கீழ் வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டிவிட்டார். இப்போதெல்லாம் சனிக்கிழமையே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

வார நாட்கள் வகுப்பு, பகுதி நேர வேலை என்று ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை அமைதியில்தான் வீட்டு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் மற்றவர்களுக்கும் இதே கதைதான். அதனால் நான், ஒரு கேரளத் தோழி, மெக்சிகோ நண்பர், சியோலிலிருந்து வந்த கொரியத் தோழி என நான்கு பேரும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஞாயிறன்று யாரும் அறையில் அடைந்து கிடக்கக் கூடாது. செலவும் அதிகம் ஆகக் கூடாது.

அப்படித்தான் ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் பெர்னாவர் தெருவுக்குப் போனோம். பெர்லின் சுவரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

1961 ஆகஸ்ட் 13-ம் தேதி காலை, பெர்லின் மக்கள் கண் விழித்தபோது ஊர் இரண்டாகியிருந்தது. இந்தத் தெருவின் நிலைமை இன்னும் விநோதம். ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லினுக்குச் சொந்தம். அந்த வீடுகளின் வாசலில் இருந்த நடைபாதையோ மேற்கு பெர்லின்! வாசல்களை அடைத்ததும் மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். 58 வயது ஈடா சீக்மன், மெத்தை தலையணைகளைக் கீழே வீசிவிட்டு அவற்றின் மேல் குதித்தார். பிழைக்கவில்லை. சுவரால் இறந்த முதல் ஆள் அவர்தான். 1964-ல் இதே தெருவிலிருந்து தோண்டிய சுரங்கம் வழியாக 57 பேர் தப்பினார்கள்.

சுவர் இருந்த வழி நெடுக இப்போது துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை நட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு சிறிய மண் தேவாலயம். எல்லைப் பகுதியில் சிக்கிக்கொண்ட பழைய தேவாலயத்தை 1985-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடிபாடுகளையும் மண்ணில் கலந்து இடித்து, இந்தச் சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ரை தானியம் விளையும் வயல். காவலர்கள் துப்பாக்கியோடு நடந்த மண்ணில் கதிர் ஆடுகிறது.

இறந்தவர்களின் புகைப்படங்கள் இருக்கும் இடத்தில் கொரியத் தோழி நின்றுவிட்டாள். நாங்கள் கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க தாத்தா போர் நேரத்துல வடக்கிலிருந்து வந்தவர். தம்பி அங்கேயே இருந்துட்டார். தாத்தா சாகும்வரைக்கும் ஒரு கடிதம்கூட வரலை. இங்கே 28 வருஷத்துல திறந்துட்டாங்க."

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கேரளத் தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நடந்தோம்.

தெருவின் முனையில் மவுர் பார்க். 'சுவர்ப் பூங்கா' என்று அர்த்தம். இதுவும் ஒரு காலத்தில் எல்லைதான். இன்றைக்கு ஞாயிறுதோறும் பழைய பொருள் சந்தை நடக்கிறது. கிராமபோன் தட்டு, பீங்கான் கோப்பை, யாரோ போட்டுக் கழித்த கோட்டு என எல்லாம் கிடைக்கும். நான் இரண்டு யூரோவுக்கு ஒரு சில்வர் கரண்டி வாங்கினேன்.

புல்லில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தோம். என் புளிசாதமும் அவளுடைய கிம்ச்சியும் நல்ல ஜோடி! காலி பாட்டிலைக் குப்பையில் போடப் போனேன். மெக்சிகோ நண்பர் தடுத்து, தொட்டியின் பக்கத்தில் நிற்க வைத்தார். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். அதைப் பொறுக்கிப் பிழைப்பவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டாமே என்று இங்கே பலரும் இப்படி வெளியே வைக்கிறார்கள்.

கல் படிக்கட்டு அரங்கில் கரோகே தொடங்கியது. யார் வேண்டுமானாலும் பாடலாம். சுருதி சேராதவருக்கும் கூட்டம் கைதட்டியது. கொரியத் தோழியும் அப்போதுதான் சிரித்தாள்.

அறைக்குத் திரும்ப ஆறு மணி. ஊரில் இரவு ஒன்பதரை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "சாப்பிட்டியா? என்ன சமைச்ச? குளிருதா?" என்று அதே கேள்விகள். வழக்கமாக இரண்டு நிமிடத்தில், 'படிக்கணும்மா' என்று வைத்துவிடுவேன்.

அன்று வைக்கவில்லை. "அப்பாவையும் கூப்பிடும்மா" என்றேன்.