அழகு செய்த குற்றம் என்ன?

டிராய் நகரத்துக் கோட்டை வாயிலின்மேல் கிழவர்கள் சிலர் அமர்ந்திருக்கின்றனர். போர் புரியும் வயதைக் கடந்தவர்கள். ஆயினும் பேச்சில் தளராதவர்கள். அவ்வழியே ஹெலன் வருகிறாள். அவளைக் கண்டதும் அவர்களுடைய குரல் தாழ்கிறது. இத்தகைய ஒருத்தியின் பொருட்டு இரு தேசத்தாரும் நெடுங்காலம் அல்லலுறுவதில் வியப்பில்லை என்று தம்முள் மெல்லப் பேசிக்கொள்கின்றனர். ஆயினும், இவள் எவ்வளவு அழகியானாலும் கப்பலேறிப் போய்விடுவதே நம் மக்களுக்கு நல்லது என்றும் உடனே சேர்த்துக்கொள்கின்றனர்.

ஹோமர் இயற்றிய 'இலியட்' மகாகாவியத்தின் மூன்றாவது காண்டத்தில் வரும் காட்சி இது. ஹெலனைக் கேசாதிபாதமாக வர்ணிக்கக் கவி முற்படவில்லை. நரைத்த தலைகளும் அவளைக் கண்டு தடுமாறின என்று சொல்வதோடு நின்றுவிடுகிறார். வியப்பும் அச்சமும் ஒரே நெஞ்சில் ஒருங்கே எழுவதை நாம் இங்கே காண்கிறோம். கிரேக்கர்கள் அழகைப் பற்றி நினைத்த போதெல்லாம் இவ்விரண்டும் இணைபிரியாமலே வந்தன.

ஹெஸியட் என்னும் மற்றொரு பழங்கவி சொல்லும் கதையைப் பார்ப்போம். பிரமீத்தியஸ் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதருக்கு அளித்தான். தேவராஜனாகிய ஜீயஸ் சினங்கொண்டான். ஆனால் மனிதர்மீது அவன் இடியை ஏவவில்லை. ஓர் அழகிய கன்னியை அனுப்பினான்! களிமண்ணால் உருவாக்கப்பட்டு, தேவதைகளால் அலங்கரிக்கப்பட்ட பாண்டோரா அவளே. அவள் ஒரு சாடியின் மூடியைத் திறந்தாள். நோயும் துயரமும் உலகெங்கும் பரவின. நம்பிக்கை ஒன்றே உள்ளே தங்கிற்று. அழகையே தண்டனையாக விதிக்கும் இக்கதையில், ஆண் மக்களின் அச்சம் எவ்வளவு ஆழமானதென்பது வெளிப்படுகிறதன்றோ?

சிற்பிகளும் சித்திரக்காரர்களும் இவ்வச்சத்தை வேறு விதமாகக் காட்டினர். டிராய் வீழ்ந்த இரவில், தன்னை விட்டுச் சென்ற மனைவியைக் கொல்லும் நோக்கத்துடன் மெனலாஸ் வாளேந்திப் பாய்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். வாள் கையினின்று நழுவுகிறது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஆதன்ஸ் நகரத்துக் குயவர்கள் வனைந்த கலயங்களில் இக்காட்சி பன்முறை தீட்டப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று பிரான்சு தேசத்து லூவ்ர் காட்சிசாலையில் இருக்கிறது. பத்தாண்டுப் போரில் பிழைத்த வீரனை ஒரு பார்வை வென்றுவிட்டது.

ஆனால் தோற்ற வீரன் குற்றத்தை யார்மேல் சுமத்துவான்? இக்கேள்வியை அஞ்சாமல் எழுப்பியவர் யூரிபிடீஸ். கி. மு. 415-ல் அவருடைய 'டிராய் நகரத்துப் பெண்கள்' என்னும் நாடகம் ஆதன்ஸில் அரங்கேறியது. அதற்குச் சற்று முன்புதான் ஆதன்ஸ் நகரத்தார் மீலாஸ் தீவைக் கைப்பற்றி, ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தனர். நாடகத்தில் கணவனையும் மக்களையும் இழந்த முதிய அரசி ஹெக்யூபா, எல்லாத் துன்பத்திற்கும் ஹெலனே காரணம் என்று வாதாடுகிறாள். ஹெலனோ தேவியாகிய அப்ரோடைட்டியின்மேல் பழியைப் போடுகிறாள். வாதம் முடிகிறது; நகரம் எரிகிறது; வென்றவர்கள் பெண்களைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். எரியூட்டிய கை எவருடையது என்பதை மட்டும் அங்கே எவரும் விசாரிக்கவில்லை.

மூன்றாண்டுகளுக்குப்பின், கி. மு. 412-ல், அதே கவி 'ஹெலன்' என்ற நாடகத்தை இயற்றினார். டிராய்க்குச் சென்றது ஹெலனே அன்று; தேவர்கள் காற்றினால் சமைத்த ஒரு மாய உருவம். உண்மையான ஹெலன் எகிப்து தேசத்தில் கணவனை நினைந்து மாசின்றி வாழ்ந்திருந்தாள்! ஸ்டெஸிகோரஸ் என்ற முற்காலக் கவி ஏற்கெனவே கூறிய கதை இது. ஹெலனை இகழ்ந்து பாடியதால் கண்ணிழந்த அவர், மாற்றிப் பாடியபின் பார்வை பெற்றார் என்பது ஐதிகம். யூரிபிடீஸ் இக்கதையை மேடையேற்றியதற்கு முந்திய ஆண்டில்தான் ஆதன்ஸ் தன் பெரும் படையையும் கப்பல்களையும் ஸிஸிலியில் இழந்திருந்தது. ஒரு மாயத்தின் பொருட்டா இத்தனை உயிர்கள் மாண்டன என்று நாடகம் கேட்டபோது, அரங்கிலே மகனைப் பறிகொடுத்த தந்தையர் பலர் அமர்ந்திருப்பர்.

ஆகவே, அழகு அபாயமானது என்று கிரேக்கர்கள் சொன்னதை நாம் பாதியளவே ஏற்கலாம். அழகைத் தன் உடைமையாக்க விரும்பும் ஆசையே வாளை உருவுகிறது. பழி மாத்திரம் அழகின் தலையில் விழுகிறது.

இந்த மறுபாதியை ஹோமரும் அறிந்திருந்தார். கோட்டைமேல் வருவதற்குமுன் ஹெலன் தன் அறையில் அமர்ந்து ஓர் ஆடை நெய்துகொண்டிருந்தாள் என்கிறார் அவர். அவள் பொருட்டு இரு சேனைகளும் பொருத போர்களையே அதில் சித்திரமாக நெய்துகொண்டிருந்தாளாம். கிழவர்கள் அவள் முகத்தைக் கண்டார்கள். அந்த ஆடையைக் காணவில்லை.