ஃபுக்கெட்ல கார் வாடகைக்கு எடுக்கப் போறீங்களா? வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

நாலு நண்பர்கள், நாலு நாள் தாய்லாந்து ட்ரிப். ஃபுக்கெட் ஏர்போர்ட்ல இறங்கி, ஆன்லைன்ல புக் பண்ண காரை எடுக்கப் போறீங்க. கவுன்டர்ல கார்டைக் கொடுத்தா... டிக்ளைன்!

கார்டு லிமிட் 60,000 ரூபாய். ஹோட்டலுக்கு 35,000 போயிடுச்சு, மீதி 25,000 இருக்கு. கார் வாடகை வெறும் 12,000 தானே, அப்புறம் ஏன் போகல? ஏன்னா அவங்க வாடகையோட டெபாசிட்டையும் சேர்த்துக் கேட்டாங்க. வெளிநாட்டுல கார் எடுக்கும்போது பட்ஜெட் உதைக்கிற இடமே இதுதான்.

1. டெபாசிட் ஹோல்ட்

வாடகை கம்பெனி ஒரு தொகையை உங்க கிரெடிட் கார்டுல பிளாக் பண்ணி வைக்கும். அது செலவு இல்ல, ஆனா அந்த அளவுக்கு லிமிட் குறைஞ்சிடும். காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது ரிலீஸ் ஆக சில நாள், சில சமயம் சில வாரம்கூட ஆகலாம். பல பெரிய கம்பெனிகள் இதுக்கு டெபிட் கார்டை ஏத்துக்கறதில்ல. கார்டும் வண்டி ஓட்டுறவர் பேர்லயே இருக்கணும்னு கேப்பாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே டெபாசிட் எவ்வளவுன்னு பாருங்க.

2. எக்சஸ்: உங்க பாக்கெட்ல இருந்து போற பணம்

"இன்ஷூரன்ஸ் இன்க்ளூடட்"னு போட்டிருந்தா எல்லாத்துக்கும் கவர் இருக்குன்னு அர்த்தம் இல்ல. தாய்லாந்துல எல்லா வண்டிக்கும் 'போ ரோ போ'ங்கற கட்டாய இன்ஷூரன்ஸ் உண்டு. அது மனுஷங்களுக்கு ஏற்படுற காயம், உயிரிழப்புக்கு மட்டும்தான். வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு வேற பாலிசி வேணும். அந்தப் பாலிசியிலயும் முதல் ஒரு தொகையை நீங்கதான் கட்டணும். அதுதான் எக்சஸ்.

ஒரு உதாரணக் கணக்கு (1 பாட் = 2.50 ரூபாய்னு வச்சுக்குவோம்):

வாடகை: 1,200 பாட் × 4 நாள் = 4,800 பாட் (12,000 ரூபாய்)
எக்சஸ்: 10,000 பாட் (25,000 ரூபாய்)
எக்சஸை ஜீரோ ஆக்குற கூடுதல் கவர்: 300 பாட் × 4 நாள் = 1,200 பாட் (3,000 ரூபாய்)

கவர் எடுத்தா 15,000 ரூபாயோட முடிஞ்சது. எடுக்கலைன்னா 12,000 தான், ஆனா பெரிய இடி ஒண்ணு பட்டா 37,000 வரைக்கும் போகும். நாலு பேர் பிரிச்சுக்கிட்டா அந்த கவருக்குத் தலைக்கு 750 ரூபாய்தான். எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம் இதுலயும் வராம போகலாம். கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

3. கார்டு தேய்க்கும்போது

ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5% இருக்கற கார்டுன்னா, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 4.13%. 15,000 ரூபாய்க்கு சுமார் 620 ரூபாய். மெஷின்ல "ரூபாயா, பாட்டா?"ன்னு கேட்டா பாட்டையே செலக்ட் பண்ணுங்க. ரூபாய் கொடுத்தா அவங்க வைக்கிற ரேட் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

4. இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்

பரிவாஹன் சாரதி தளத்துல அப்ளை பண்ணலாம். கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். நம்ம லைசன்ஸையும் கூடவே வச்சிருக்கணும். லைசன்ஸ்ல டூ-வீலர் இல்லைன்னா அங்க ஸ்கூட்டர் பக்கம் போகாதீங்க. சரியான லைசன்ஸ் இல்லாமலோ, குடிச்சிட்டோ ஓட்டி மாட்டினா இன்ஷூரன்ஸ் கிளெய்ம் கைவிட்டுப் போகலாம். அப்போ மேல போட்ட கணக்கு எதுவுமே உதவாது, முழு சேதமும் உங்க தலையில.

5. சாவி வாங்கின உடனே

காரைச் சுத்தி ஒரு வீடியோ எடுங்க. பழைய கீறல், டொக்கு, டயர், ஃப்யூயல் மீட்டர் எல்லாம் தெரியணும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல ஒண்ணு. ஒரிஜினல் பாஸ்போர்ட்டை அடமானமா கேக்கற இடத்துல வண்டியே எடுக்காதீங்க. தகராறு வந்தா உங்க பிடி அவங்க கையில போயிடும்.

சரி, கார் தேவையா?

நம்மள மாதிரியே அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், அதனால பழகுறது ஈஸி. பழைய ஃபுக்கெட் டவுன், ப்ரோம்தெப் முனை, தீவைத் தாண்டி ஃபாங்-ங்கா வரைக்கும் சுத்துற பிளான்னா, நாலு பேருக்கு கார் லாபம். படோங் பீச் பக்கத்துலயே தங்கி, ராத்திரி பார்ட்டிதான் பிளான்னா கார் சும்மா பார்க்கிங்ல நிக்கும். அதுக்கு கிராப் போதும்.

புக் பண்றதுக்கு முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: "எக்சஸ் முழுசையும் நாளைக்கே கட்டச் சொன்னா, கடன் வாங்காம கட்ட முடியுமா?" முடியாதுன்னா கூடுதல் கவர் எடுங்க, இல்லைன்னா டாக்சியில போங்க.