அஞ்சிய நெஞ்சும் திருத்திய அத்தியாயமும்

ஒருமுறை மனமுறிந்தவன் மறுபடியும் காதலின் சந்நிதியில் நிற்க நேரும்போது அவனுள் எழுகிற அச்சத்தைச் சித்திரிக்கப் புகும் இளம் எழுத்தாளர்களில் பலர், அந்த அச்சத்தைப் பாத்திரத்தின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு அத்துடன் தம் கடமை தீர்ந்ததாகக் கருதிவிடுகிறார்கள். ஆனால் அத்தகைய பயம் கோபமாகவும் அலட்சியமாகவும், சில வேளைகளில் அளவுக்கு மிஞ்சிய உற்சாகமாகவும் வேஷம் தரித்தே வெளிப்படும். பயப்படுகிறவனே அதைப் பயமென்று அறியமாட்டான். இந்த வேஷங்களை நன்கு அறிந்து எழுதியவர்களில், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் அம்மையாருக்கு இணையாக நான் மதிப்பவர்கள் மிகச் சிலரே.

அவர் எழுதி முடித்த கடைசி நாவலான 'பெர்சுவேஷன்', அவர் காலமான 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. பத்தொன்பது வயதில் ஆன் எலியட் என்ற பெண், ஆஸ்தி ஏதுமற்ற கடற்படை வாலிபன் வென்ட்வொர்த்தை மணக்க இசைந்து, தாயின் ஸ்தானத்தில் இருந்த சீமாட்டியின் புத்திமதிக்குக் கட்டுப்பட்டுப் பின்வாங்கிவிடுகிறாள். எட்டு வருஷங்கள் கழித்து, யுத்தத்தில் பொருளும் கீர்த்தியும் ஈட்டித் திரும்பும் அவன், பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட எந்தப் பெண்ணையும் மணக்கத் தயார் என்று தமக்கையிடம் உல்லாசமாகச் சொல்கிறான். யாரானாலும் சம்மதம் என்னும் அந்தப் பேச்சில், ஒருத்தியிடம் மட்டும் மீண்டும் நெஞ்சைக் கொடுத்துவிடலாகாது என்ற பீதி ஒளிந்திருப்பதை அவன் அறியான், வாசகர் அறிவார்.

நோயுற்ற சிறுவனுக்குப் பணிவிடை செய்துகொண்டு மண்டியிட்டிருக்கும் ஆனின் முதுகில், அவன் தம்பியான இரண்டு வயதுக் குழந்தை ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிறது. வென்ட்வொர்த் ஒரு வார்த்தையும் பேசாமல் குழந்தையை விலக்கி எடுக்கிறான். எடுத்தவன், அவள் நன்றி சொல்ல இடங்கொடாதபடி குழந்தையோடு சப்தமிட்டு விளையாடத் தொடங்குகிறான். அவள் படும் சிரமத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவனால் இயலவில்லை, அவள் குரலைக் கேட்கவும் துணிவில்லை. பக்கம் பக்கமாக எழுதும் மனோதத்துவ விளக்கம் இந்தச் சப்தத்துக்கு ஈடாகாது என்பது என் துணிபு.

ரஷ்ய ஆசிரியர் செகாவ் 1898-இல் எழுதிய 'காதலைப் பற்றி' என்னும் சிறுகதையில் இதே அச்சம் மனச்சாட்சியின் உருவில் வருகிறது. பிறர் மனைவியை நேசிக்கும் அல்யோகின், அவள் குடும்பம் குலையுமே என்று தர்க்கம் செய்தபடியே ஆண்டுகளைக் கழித்து, அவள் ஊரைவிட்டுப் போகும் ரயில்வண்டியில்தான் உள்ளத்தைத் திறக்கிறான்.

ஆஸ்டினின் சாமர்த்தியம் முழுதும் தெரிவது அவர் அடித்து எழுதிய முடிவில்தான். 1816 ஜூலையில் முடித்த முதற்பிரதியில், ஆன் வேறொருவரை மணக்கப்போவதாகப் பரவிய வதந்தி மெய்தானா என்று கேட்டுவரும்படி வென்ட்வொர்த்தைத் தூண்டுபவர் அவன் அத்தான். அவள் மறுக்கிறாள், இருவரும் இணைகிறார்கள். பிறருடைய கேள்வியைச் சுமந்து வந்தவனுக்குத் தன் பயத்தைத் தானே வெல்லும் வாய்ப்பு அங்கே கிடைக்கவில்லை. ஆஸ்டினுக்கு இது திருப்தியளிக்கவில்லை. சில வாரங்களுக்குள் மாற்றி எழுதினார். புதிய அத்தியாயத்தில் பாத் நகரத்து விடுதியறையில் அவன் நண்பனுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, நம்பிக்கை அற்றுப்போன பின்னும் பெண்ணின் அன்பு நீடிக்கும் என்று ஆன் அந்த நண்பனிடமே வாதிடுவது அவன் செவியில் விழுகிறது. கையிலிருந்த பேனா நழுவுகிறது. நண்பனின் காரியத்தைச் செய்வதுபோலவே அவளுக்கொரு கடிதம் வரைந்து, வெளியே போனவன் கையுறையை மறந்ததாகத் திரும்பி வந்து, அந்தக் கடிதத்தை அவள்முன் வைத்துப் போகிறான். முகம் பார்த்துக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. ஆயினும் மறுபடி மறுக்கப்படக்கூடிய ஸ்திதியில் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டுவிட்டான்.

தள்ளிவிட்ட பகுதியின் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நாவலின் சில பதிப்புகளில் அதையும் பின்னிணைப்பாக அச்சிட்டிருப்பதால், கதை எழுத விரும்புவோர் இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம்.