ஸ்டெப் போடுங்க பாஸ்!

ப்ளஸ் டூ கணக்கில் கலக்கினவர்தான். ஆனால், இன்ஜினீயரிங் வந்ததும் முதல் செமஸ்டரிலேயே மேத்ஸ் பேப்பர் ‘அரியர்’ என்று பல்லிளிக்கும். ‘கால்குலஸ் கவுத்துடுச்சு மச்சி’ என்று கேன்டீனில் புலம்பல் வேறு. உங்கள் செட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். அது நீங்களாகவே இருந்தால் கோச்சுக்காதீங்க!

அவர் போட்ட கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டிஃபரன்ஷியேஷன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்த ரெண்டு வரியில்தான் வண்டி கவிழ்ந்திருக்கும். பிராக்கெட்டைப் பிரிக்கும்போது ஒரு மைனஸ் காணாமல் போயிருக்கும். அதெல்லாம் பள்ளிக்கூட அல்ஜீப்ரா. பழி மட்டும் கால்குலஸ் மேல!

நம்பலையா? பேனா எடுங்க, ஒரு கணக்கு போட்டுடலாம்.

12 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை. நாலு மூலையிலும் ஒரே அளவில் சதுரம் வெட்டி எறிந்துவிட்டு, ஓரங்களை மடக்கினால் மூடியில்லாத பெட்டி ரெடி. அதன் கொள்ளளவு அதிகபட்சமாக இருக்க, எவ்வளவு வெட்டணும்?

வெட்டுவது எக்ஸ் செ.மீ. என்று வைப்போம். அதுதான் பெட்டியின் உயரம். ரெண்டு பக்கமும் எக்ஸ் போவதால், அடிப்பக்கம் 12 – 2எக்ஸ். (ஒரே ஒரு எக்ஸைக் கழித்துவிட்டு அழுபவர்கள் உண்டு. படம் போட்டால் தப்பிக்கலாம்.) ஆக, கொள்ளளவு = எக்ஸ் (12 – 2எக்ஸ்)².

இப்போ பிராக்கெட்டைப் பிரிக்கணும். 144 + 4எக்ஸ்² என்று எழுதக் கை பரபரக்குதா? நில்லுங்க! எக்ஸுக்கு பதில் 1 போட்டுப் பாருங்கள். 12 – 2 = 10, அதன் வர்க்கம் 100. நீங்க எழுதினதில் 148 வருது. நடுவில் இருக்க வேண்டிய – 48எக்ஸ் எங்கே போச்சு? அதைச் சேர்த்தால் 144 – 48 + 4, கரெக்டா 100. பத்து செகண்ட் வேலை. யாரும் செய்யறதில்லை.

எக்ஸால் பெருக்கினால் 4எக்ஸ்³ – 48எக்ஸ்² + 144எக்ஸ். டிஃபரன்ஷியேட் செய்தால் 12எக்ஸ்² – 96எக்ஸ் + 144. கவனிச்சீங்களா? கால்குலஸ் வேலை இந்த ஒரு வரியோடு முடிஞ்சு போச்சு!

இதை பூஜ்ஜியத்துக்குச் சமமாக்கி 12-ஆல் வகுத்தால், எக்ஸ்² – 8எக்ஸ் + 12 = 0. எண்ணால் வகுக்கிறவரை பயமில்லை. எக்ஸாலேயே வகுத்து அடிப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்கணும். எக்ஸ்² = 5எக்ஸ் என்பதில் ரெண்டு பக்கமும் ஒரு எக்ஸை அடித்தால் 5 மட்டும் கிடைக்கும். பூஜ்ஜியமும் ஒரு விடை என்பது சத்தமில்லாமல் செத்துப்போகும்.

நம்ம கணக்குக்கு விடை 2, 6. இதோடு டபுள் கோடு போட்டு எழுந்திடாதீங்க. 6 செ.மீ. வெட்டினால் அட்டையில் மிச்சம் என்ன? ஒண்ணுமே இல்லை. மொத்தமும் குப்பைக்கூடையில்! 2 செ.மீ. வெட்டினால் 2 × 8 × 8 = 128 கன செ.மீ. பக்கத்து எண்களையும் பார்த்துடலாம். 1 என்றால் 100, 3 என்றால் 108. சந்தேகமே இல்லை, 2 தான்.

கைடில் இதே கணக்கு நாலே வரியில் முடிந்திருக்கும். படிக்கும்போது தலை ஆடும். மூடி வைத்தால் கை ஓடாது. ‘எனவே’ என்ற ஒரு வார்த்தைக்குள் மூணு ஸ்டெப்பை ஒளித்து வைத்திருப்பார்கள். அந்த மூணையும் நீங்கதான் எழுதிப் பார்க்கணும்.

‘ராமானுஜன் மட்டும் ஸ்டெப் எழுதினாரா?’ என்று கேட்பீங்களே! அவர் ஸ்லேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும்தான் நோட்டில் எழுதினார். விளைவு? அந்த நோட்டுகளுக்கு நிரூபணம் சேர்த்து புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை அஞ்சு தொகுதி போட வேண்டியதாச்சு. உங்க பேப்பரைத் திருத்துபவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது பாஸ்!

சரி, இன்னொரு அட்டை. 16 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். அதே வெட்டு, அதே கேள்வி. ரெண்டு விடை வரும். அதில் ஒன்று டுபாக்கூர். எது, ஏன்? கைடைத் தொடாமல் கண்டுபிடிங்க பார்க்கலாம்.