‘ஃபேஸ்’ங்கற ஒரே வார்த்தை லாட்வியன்ல படற பாடு

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பத்தினது: ஃபேஸ். போற இடம் லாட்வியா. பால்டிக் கடலோரத்துல, ரீகாவைத் தலைநகரா வச்சிருக்கற சின்ன நாடு. லாட்வியனைத் தாய்மொழியா பேசறவங்க ஏறக்குறைய 15 லட்சம் பேர்தான். ஆனா 2004ல இருந்து அது ஐரோப்பிய ஒன்றியத்தோட ஆட்சிமொழிகள்ல ஒண்ணு. அதனால சட்டம், சாஃப்ட்வேர்னு மொழிபெயர்ப்பு வேலை ஓயாது.

இதுல நம்ம பங்கு என்னன்னா, கோட் எழுதற நாம மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு ஸ்ட்ரிங் ஃபைல் அனுப்புவோம். அதுல ஒரு வரியில ‘ஃபேஸ்’னு மட்டும் இருக்கும். எந்த ஸ்க்ரீன், எந்த பட்டன், ஒண்ணும் இருக்காது. அவங்க என்ன எழுதுவாங்க?

மனுஷ முகம்னா ‘செய’. போட்டோ ஆப்புக்கு இது சரி. ஆனா அந்த ஃபைல் ஒரு 3டி மாடலிங் சாஃப்ட்வேரோடதுன்னா, ஃபேஸ்ங்கறது கனசதுரத்தோட ஒரு பக்கம். அதுக்கு லாட்வியன்ல ‘ஸ்கல்ட்னெ’. விறகு பிளக்கறதுக்கான வினைச்சொல்லுக்குச் சொந்தக்கார வார்த்தை. வடிவியல்ல இதுதான் புழக்கம். அங்க போய் ‘செய’ன்னு போட்டா கனசதுரத்துக்குக் கண்ணும் மூக்கும் முளைச்ச கதைதான். கடிகாரத்தோட ஃபேஸ்னா ‘ட்ஸிபர்னீட்ஸ’, எண்ணைக் குறிக்கற சொல்லில இருந்து வந்தது. மலையோட ஃபேஸ்னா, சுவர்.

இன்னொரு வம்பும் இருக்கு. நமக்கு முகம் வேற, மூஞ்சி வேற இல்லையா? அங்கேயும் அப்படித்தான். ‘க்யீமிஸ்’னா மூஞ்சி. ‘புர்ன்ஸ்’னா விலங்கோட முகவாய், மனுஷனைப் பார்த்துச் சொன்னா சண்டைதான். அகராதியில எல்லாம் ஃபேஸுக்கு நேரா வரலாம். பேங்க் ஆப்ல ‘உங்க மூஞ்சியை கேமராவுக்கு நேரா வைங்க’ன்னு வந்தா எப்படி இருக்கும்?

மரபுத்தொடர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஆங்கிலம் முகத்தைச் சொல்ற இடத்துல லாட்வியன் பெரும்பாலும் கண்ணைப் பிடிச்சுக்குது. நேருக்கு நேர் சந்திக்கறது ‘அட்ஸி ப்ரெட் அட்ஸி’, கண்ணுக்கு எதிரே கண். ஒருத்தர் முகத்துக்கு நேரா சொல்றதை ‘கண்ணுல சொல்றது’ன்னு சொல்லுவாங்க. உண்மையை எதிர்கொள்றதுன்னா உண்மையோட கண்ணைப் பார்க்கறது. ஆளு சோர்ந்து போயிட்டா தொங்கறது முகம் இல்ல, மூக்கு. ‘மனசு விடாதே’ங்கறதுக்கு, மூக்கைத் தொங்கப் போடாதேம்பாங்க!

நேருக்கு நேருக்கு இன்னொரு சொல்லும் உண்டு: ‘வய்கு வய்கா’. இன்னைக்கு ‘வய்க்ஸ்’னா கன்னம். அப்போ கன்னத்தோட கன்னமான்னு கேட்காதீங்க. பழைய லாட்வியன்ல அந்த வார்த்தைக்கு முழு முகம்னே பொருள். பைபிள்ல ஆதாமுக்குச் சொல்ற ‘முகத்தின் வேர்வை’ லாட்வியன்ல ‘வய்க்ஸ்’ வச்சுதான் இருக்கு. ஆங்கிலப் பேச்சு வழக்குல அதே வேர்வை நெத்திக்கு ஏறிடுச்சு. ஒரே உழைப்பு, மூணு இடத்துல வேர்க்குது.

எல்லாமே மாறிடறதும் இல்ல. மானம் போறதை ‘ஸவுடேட் செயு’ன்னு, அதாவது முகத்தை இழக்கறதுன்னே சொல்றாங்க. ஆங்கிலத்தோட சாயல்னு தோணும். ஆனா ஆங்கிலமே அதை 19ஆம் நூற்றாண்டுல சீனத்துல இருந்து எடுத்துக்கிட்டதுதான்.

இப்போ நம்ம தொழில் வார்த்தைக்கு வருவோம்: இன்டர்ஃபேஸ். தமிழ்ல ‘இடைமுகம்’னு முகத்தை அப்படியே கொண்டுவந்துட்டோம். லாட்வியன்ல ‘ஸஸ்கர்னெ’. ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கற இடம்னு வச்சுக்கலாம். ஒரு பிரச்சினையை ‘ஃபேஸ் பண்றோம்’ங்கறதுக்கும் அதே வேர்ல இருந்து வர்ற ‘ஸஸ்கர்டியெஸ்’தான். என்னைக் கேட்டா இது நம்ம சொல்லை விட நல்ல சொல். ஒரு ஏபிஐ என்ன செய்யுதுன்னு புரிய வைக்க முகத்தை விட தொடுதல் உதவும்.

சொல்லைச் சரியா பிடிச்சாலும் எண்ணிக்கை மாட்டிவிடும். போட்டோ ஆப் 2 முகம் கண்டுபிடிச்சா ‘2 செயஸ்’. 21 கண்டுபிடிச்சா? ‘21 செய’, ஒருமை! ஒண்ணுல முடியற எண்ணுக்கெல்லாம் ஒருமைதான், 11ல முடியறதுக்கு மட்டும் கிடையாது. ‘ஒண்ணுக்கு மேல போனா எஸ் சேர்’னு இஃப் எல்ஸ் எழுதி வச்சிருந்தா, மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் அந்த வரியைக் காப்பாத்த முடியாது. மாத்த வேண்டியது கோடை.

கெட்டெக்ஸ்ட் பயன்படுத்தறவங்களுக்கு ரெண்டுக்கும் வழி இருக்கு. பன்மை விதியை மொழிவாரியா ஃபைல் தலைப்புலயே கொடுக்கலாம். லாட்வியனுக்கு மூணு வடிவம் போடுவாங்க. அப்புறம் எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டினு ஒரு புலம். ஒரு ஃபேஸுக்கு ‘போட்டோவில் உள்ள ஆள்’, இன்னொண்ணுக்கு ‘3டி உருவத்தின் பக்கம்’னு அதுல எழுதிட்டா, ரெண்டும் தனித்தனி வரியா மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போகும். எழுத அரை நிமிஷம்கூட ஆகாது.