பனிக்காட்டில் எந்திரத்துக்கு எவ்வளவு இடம்?

ஓர் எந்திரம் எந்தத் தேவைக்காகப் பிறந்ததோ, அதற்காகவே அது கடைசிவரை பயன்படுவதில்லை. 'ஸ்னோமொபைல்' எனப்படும் பனியூர்தி இதற்கு நல்ல சான்று. 1934-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கோர்ட் என்னும் சிற்றூரில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வயிற்றுக்குள் ஏற்பட்ட அழற்சியால் உயிரிழந்தது. மருத்துவமனைக்குச் செல்லும் சாலைகள் பனியில் புதைந்து கிடந்தன. அந்தக் குழந்தையின் தந்தை ஜோசப்-அர்மான் பம்பார்டியர், ஊர்தி பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வந்தவர்.

தமது 15-ஆவது வயதிலேயே, பழைய ஃபோர்டு காரின் எஞ்சினையும் விமானத்தில் உள்ளதைப் போன்ற சுழல்விசிறியையும் பொருத்தி, பனியில் ஓடும் வண்டி ஒன்றை அவர் செய்து பார்த்திருந்தார். மகனின் மறைவுக்குப் பின் அந்த முயற்சி தீவிரமடைந்தது. பற்சக்கரத்தால் இயங்கும் ரப்பர்ப் பட்டையைக் கொண்டு பனிமீது செல்லும் ஏழு பேருக்கான ஊர்தியை அவர் 1930-களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மருத்துவர்களும், பாதிரியார்களும், அஞ்சல் ஊழியர்களும், பள்ளிப் பிள்ளைகளும் அதில் பயணம் செய்தனர். 1948-இல் கிராமப்புறச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று கியூபெக் அரசு சட்டம் இயற்றியதும், அந்தப் பெரிய ஊர்திகளுக்கான தேவை சரிந்தது. எஞ்சின்கள் எடை குறைந்த பிறகு, 1959-இல், ஓரிருவர் மட்டும் அமர்ந்து செல்லும் சிறிய 'ஸ்கி-டூ' வந்தது. தேவைக்காகப் பிறந்த எந்திரம் பொழுதுபோக்கின் எந்திரமாக மாறியது அப்போதுதான். 1970-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் பனியூர்திகள் விற்றன.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம், டொரன்டோவில் வாழும் உறவினரைக் காணச் சென்றிருந்தபோது, ஒன்டாரியோவின் வடபகுதிக் காட்டுத் தடத்தில் முதன்முறையாகப் பனியூர்தியை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அமைந்ததுதான். வெயிலைத் தவிர வேறு பருவம் அறியாத ஊரிலிருந்து சென்றவனுக்கு அது வியப்பூட்டும் அனுபவம். ஆயினும், அன்று மனத்தில் எழுந்த கேள்விகள் வியப்பைவிட நீண்டகாலம் உடன் வந்தன.

ஓட்டக் கற்பதற்கு அரைமணி நேரம் போதும். கியர் மாற்ற வேண்டியதில்லை. எஞ்சினின் வேகத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் இரு கப்பிகளும் அவற்றை இணைக்கும் பெல்ட்டும் அந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. வலக்கைப் பெருவிரலால் அழுத்தினால் வேகம். இடக்கைப் பிடியை இறுக்கினால் பிரேக். முன்னால் உள்ள இரு சறுக்குக் கட்டைகள் திசையைத் தீர்மானிக்கின்றன. பின்னால் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை பனியைப் பற்றி உந்துகிறது. ஓட்டுபவரின் உடையோடு ஒரு சிறு கயிறு இணைக்கப்பட்டிருக்கும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு எஞ்சின் நின்றுவிடும். வளைவுகளில் உடலை உட்பக்கமாகச் சாய்க்க வேண்டும் என்றார் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்மணி. 200 கிலோவுக்கும் மேற்பட்ட வண்டியைக் கைகளால் மட்டும் திருப்பிவிட முடியாது. உடலின் எடையும் சேர்ந்தே அதைத் திருப்புகிறது.

குளிரைப் பற்றிய கணக்கும் அங்கேதான் புரிந்தது. வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி செல்சியஸ். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது எதிர்க்காற்றினால் தோலுக்கு அது மைனஸ் 29 டிகிரியாக உறைக்கும். கைப்பிடிகளில் மின்சூடு வைத்திருப்பது ஆடம்பரத்துக்காக அன்று. விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்க இயலாது.

ஆனால் உண்மையான ஆபத்து குளிர் அன்று, உறைந்த நீர்நிலைகள்தாம். வெண்பனி போர்த்திய ஏரி, சமவெளியைப் போலத் தோன்றுகிறது. அதன் அடியில் நீரோட்டம் உள்ள இடங்களிலும், ஓடை வந்து கலக்கும் முகத்துவாரங்களிலும், பனிக்கட்டி மெலிந்திருக்கும். தெளிந்த புதிய பனிக்கட்டி, நடந்து செல்வோருக்கு 10 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும் என்றும், பனியூர்திக்கு 13 முதல் 18 செ.மீ. வரை வேண்டும் என்றும் அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை அறிவுறுத்துகிறது. பனி கலந்து வெண்மையாக உறைந்த கட்டிக்கு வலிமை பாதிதான் என்பதால், அங்கு இருமடங்கு கனம் வேண்டும். எங்கள் வழிகாட்டி, அருகிலேயே ஏரி இருந்தும், அதைக் கடக்காமல் காட்டைச் சுற்றியே அழைத்துச் சென்றார். குறுக்குவழியை அறிந்தவர் அதைத் தவிர்ப்பதைக் காண்பதே ஒரு பாடம்.

அந்தத் தடங்கள் தாமாக அமைந்தவை அல்ல என்பது பலருக்கும் தெரியாத செய்தி. ஒன்டாரியோவில் பனியூர்திக் கழகங்களின் கூட்டமைப்பு 30,000 கி.மீ. அளவுக்குத் தடங்களைப் பராமரிக்கிறது. வேலையின் பெரும்பகுதியைச் செய்வோர் ஊர்தோறும் உள்ள தன்னார்வலர்கள். சமப்படுத்தப்பட்ட பனி இறுகிக் கெட்டிப்பட நேரமும் குளிரும் வேண்டும் என்பதால், கனரக எந்திரங்களுடன் அவர்கள் பெரும்பாலும் இரவில்தான் புறப்படுகின்றனர். தடங்களில் கணிசமானவை தனியார் நிலங்களின் வழியே செல்கின்றன. நில உரிமையாளர் இசைவு தந்தால்தான் வழி. ஒருவர் தடத்தைவிட்டு விலகி வயலிலோ இளமரத் தோப்பிலோ வண்டியைச் செலுத்தினால், அடுத்த ஆண்டு அந்த இசைவு திரும்பப் பெறப்படலாம். ஊர்களை இணைக்கும் பாதையே துண்டிக்கப்படலாம். மாகாணச் சட்டம் தடங்களில் மணிக்கு 50 கி.மீ. என வேக வரம்பு விதித்திருக்கிறது. ஆனால் ஆளற்ற காட்டில் அந்தச் சட்டத்தைவிட, நில உரிமையாளரின் நம்பிக்கையே வலுவான வேலி.

நடுவழியில் ஓரிடத்தில் எல்லா வண்டிகளையும் நிறுத்தச் சொன்னார் வழிகாட்டி. எஞ்சின்கள் அடங்கியதும் எழுந்த அமைதி, செவியை அழுத்துவது போலிருந்தது. புதிய பனி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. தேவதாரு மரக் கிளையிலிருந்து பனி உதிரும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. அந்த அமைதி இருந்த இடத்துக்கு என்னைக் கொண்டு சேர்த்ததும் எந்திரம்தான்; அதுவரை அந்த அமைதியைக் குலைத்ததும் அதே எந்திரம்தான். பனியூர்தி குறித்து அரை நூற்றாண்டாக நடந்துவரும் விவாதத்தின் சாரம் இதுவே.

கேடு ஒலியோடு முடிவதில்லை. தரையை ஒட்டிய பனியின் அடிப்பகுதியில், வெளியே கடுங்குளிர் நிலவும்போதும், வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். அந்தச் சிறு இடைவெளியில்தான் காட்டெலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வண்டி ஏறி இறுகிய பனி, குளிரைத் தடுக்கும் திறனை இழக்கிறது. கீழே உள்ள வழிகளும் அடைபடுகின்றன. பழைய இருவீச்சு எஞ்சின்களோ, உள்ளே வரும் எரிபொருளில் கால்பங்கு அளவுக்கு எரிக்காமலேயே புகையோடு வெளியே தள்ளிவிடும் இயல்புடையவை.

இந்த விவாதத்தின் மையக் களமாக விளங்கியது அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1963-இல் அங்கு முதல் பனியூர்திகள் நுழைந்தன. 1990-களில் கூட்டம் மிகுந்த நாள்களில் அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. மேற்கு வாயிலில் பணியாற்றிய காவலர்களுக்குப் புகையிலிருந்து தப்பச் சுவாசக் கவசம் வழங்க வேண்டிய நிலை 2002-இல் ஏற்பட்டது. கிளின்டன் அரசு படிப்படியான தடையை அறிவித்தது, புஷ் அரசு அதை மாற்றியது, வழக்குகள் தொடர்ந்தன. இறுதியாக 2013-இல் வகுக்கப்பட்ட விதி, தடை, தாராள அனுமதி என்ற இரு முனைகளையும் தவிர்த்தது. நாளொன்றுக்கு இத்தனை குழுக்கள்தாம் என்ற உச்சவரம்பு, புகையும் ஒலியும் குறைந்த வண்டிகளுக்கு மட்டும் நுழைவு, வழிகாட்டியுடன் மட்டுமே பயணம், சாலையைவிட்டு விலகக் கூடாது என்பன அதன் கூறுகள். வண்டி உற்பத்தியாளர்களும் தூய்மையான எஞ்சின்களை நோக்கி நகர்ந்தனர்.

எல்லா இடங்களிலும் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1960-களின் தொடக்கத்தில் வடக்குப் பின்லாந்தின் சாமி மக்களிடம் பனியூர்தி வந்து சேர்ந்தது. பத்தாண்டுகளுக்குள் கலைமான்கள் இழுத்த சறுக்கு வண்டிகள் ஏறத்தாழ மறைந்தன. மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ 1973-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். பல நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது உண்மை. அதே வேளையில், வண்டிக்கும் எரிபொருளுக்கும் பணம் தேவைப்பட்டது. அதைத் திரட்ட முடியாதவர்கள் மேய்ச்சல் தொழிலிலிருந்தே விலக நேர்ந்தது. மனிதர்கள் அருகிருந்து பழக்கிய கலைமான்கள், எஞ்சின் ஒலிக்கு மிரண்டு மீண்டும் காட்டுத்தன்மைக்குத் திரும்பின. வால்கோர்ட்டின் தந்தை ஒருவருக்கு மீட்பாகத் தோன்றிய எந்திரம், வேறொரு பனிநிலத்தில் சமத்துவத்தைக் குலைத்தது.

இப்போது அந்தப் பனியே உறுதியற்றதாகிவிட்டது. 2023-24 குளிர்காலம், கனடாவின் பதிவுகளில் மிக வெப்பமான ஒன்று. தடங்களைத் திறக்கப் போதிய பனி இன்றிப் பல ஊர்கள் காத்திருந்தன. குளிர்காலப் பயணிகளை நம்பி வாழும் சிறு விடுதிகளுக்கும் எரிபொருள் நிலையங்களுக்கும் அது வருமான இழப்பு. ஏரிகள் தாமதமாக உறைந்து விரைவாக உருகும்போது, நீண்டகாலம் அங்கு வாழ்ந்தோரின் பட்டறிவுகூடப் பிழைபடுகிறது. மின்கலத்தில் இயங்கும் பனியூர்திகள் வந்துவிட்டன. அவை ஒலியையும் புகையையும் குறைக்கின்றன. ஆயினும் கடுங்குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறைவதால், ஆளற்ற நெடுந்தடங்களுக்கு அவை இன்னும் முழுமையாகப் பொருந்தவில்லை.

பனியூர்தியை முற்றாக விலக்க வேண்டும் என்று வாதிடுவோர், நடந்து செல்ல இயலாத முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும், தொலைதூர ஊர்களின் நோயாளிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுப்பாடே கூடாது என்போர், தாம் தேடிச் செல்லும் காடு எதனால் காடாக இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை வண்டிகள், எந்த வழி, எத்தகைய எஞ்சின், யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வகுத்த இடங்களில் இரு தரப்பினரும் ஓரளவு நிறைவடைந்திருக்கின்றனர். விடை வகுக்காமல் காலம் கடத்திய இடங்களிலோ, அந்தப் பொறுப்பு நீதிமன்றங்களின் மேல் விழுந்தது. இயற்கையின் வாசலைத் திறந்துவைப்பது நல்லதே. எத்தனை பேர், எவ்வளவு ஓசையோடு நுழையலாம் என்பதையும் அந்த வாசலிலேயே எழுதிவைப்பதுதான் அறிவுடைமை.